யார் சொன்னது? சமூக ஊடகமும் நம் கற்றலும் குறித்து ஒரு திறனாய்வு

சமூக ஊடகங்களைக் குறித்து நம் சபை வட்டாரங்களில் இன்று இருவகைப் பேச்சுகள் கேட்கின்றன. அவை இளைஞரைக் கெடுத்துவிட்டன என்னும் புலம்பல் ஒன்று. அவை ஊழியத்துக்குத் திறந்த வாசல் என்னும் பூரிப்பு மற்றொன்று. இவ்விரு பேச்சுகளுமே பெரும்பாலும் அதே ஊடகங்களின் வழியாகத்தான் நம்மை வந்தடைகின்றன என்பதை எவரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. இவற்றுள் எதையும் வழிமொழிவதற்காக நாம் இக்கட்டுரையை எழுதவில்லை. நாம் எடுத்துக்கொள்ளும் வினா சிறியது. ஒரு செய்தி காதில் விழுந்தால், “யார் சொன்னது?” என்று கேட்பது நம் மக்களின் பழைய வழக்கம். செல்பேசி கைக்கு வந்தபின் அவ்வழக்கம் எங்ஙனம் தளர்ந்தது? அத்தளர்ச்சி நம் பிள்ளைகளின் படிப்பையும் நம் தெருக்களின் வாழ்வையும் எவ்வாறு தாக்கியுள்ளது? இதை உக்கடத்தை வைத்துப் பார்க்க விரும்புகிறோம். அங்கே பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக, வாரத்தில் மூன்று மாலைகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வருகிறோம் என்பதே காரணம். அதே இடத்தில் நாமும் ஒரு பிழை செய்தோம் என்பது மற்றொரு காரணம்.

உக்கடம் கோவை மாநகரின் தென்வாயில். பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் செல்வோர் பேருந்துக்கு இங்கேதான் வந்து நிற்க வேண்டும். ஒருபுறம் பெரியகுளம், மறுபுறம் மீன் சந்தை. வடக்கே கோட்டைமேடு, தெற்கே கரும்புக்கடையும் ஆத்துப்பாலமும். 2024 ஆகஸ்டில் ஆத்துப்பாலம் வரையிலான மேம்பாலம் திறக்கப்பட்டபின் வெளியூர் வண்டிகள் தலைக்கு மேலே ஓடி மறைந்துவிடுகின்றன. கீழே பழைய உக்கடம் அப்படியே இருக்கிறது. இங்கே அயலாரை அறியாமல் ஒரு நாளும் கழியாது. வீட்டுக்காரர் ஒரு சமயத்தவர், தையற்காரர் மற்றொரு சமயத்தவர், பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் ஆட்டோக்காரர் மூன்றாமவர். நம் மாலை வகுப்பிலும் அவ்வாறே. பிள்ளைகள் பாயில் அமரும்போது யார் எந்த வீட்டுப் பிள்ளை என்பது கணக்குப் பாடத்துக்குத் தேவைப்படுவதில்லை.

இப்பகுதியின் துயர வரலாற்றை வாசகர் அறிவர். 1997 நவம்பர் 29 அன்று உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த நாட்களில் நடந்த வன்முறையிலும் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் 18 பேர் உயிரிழந்தனர். 1998 பிப்ரவரி 14 அன்று நகரின் பல இடங்களில் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டனர். இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அந்நாட்களில் செல்பேசி மிகச் சிலரிடமே இருந்தது. வாட்ஸ்அப் இல்லை, முகநூல் இல்லை. ஆயினும் வதந்திக்குக் குறைவிருக்கவில்லை. குடிநீரில் நஞ்சு கலந்துவிட்டார்கள் என்றும், இன்ன பேருந்தில் குண்டு இருக்கிறது என்றும் கடைக்குக் கடை பேச்சு ஓடியதை அப்போது இருபதுகளில் இருந்த நாம் நம் காதாலேயே கேட்டோம். ஆகவே, சமூக ஊடகம்தான் நம்மிடையே வெறுப்பைக் கொண்டுவந்தது என்று சொல்வது நேர்மையன்று. வெறுப்பு அதற்கு முன்னரே இங்குக் குடியிருந்தது.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று வதந்தி ஒரு வாயின் வழியாக வந்தது. தேநீர்க்கடைக்காரர் சொன்னார், அவருக்கு அவருடைய மாமன் மகன் சொன்னான். “உனக்கு யார் சொன்னது?” என்று கேட்டால் சொன்னவர் முகம் சற்றே மாறும், குரல் தாழும், “அப்படித்தான் பேசிக்கிறாங்க” என்று பின்வாங்குவார். அந்தப் பின்வாங்கலிலேயே கேட்டவருக்குப் பாதி விடை கிடைத்துவிடும். இன்றைய செய்தி பின்வாங்குவதில்லை. பத்தாவது முறை அனுப்பப்படும்போதும் முதன்முறை இருந்த அதே உறுதியோடு, அதே குரலில் பேசுகிறது.

2022 அக்டோபர் 23 அதிகாலையில், தீபாவளிக்கு முந்திய நாள், கோட்டை ஈஸ்வரன் கோயிலின் முன் ஒரு கார் வெடித்துச் சிதறியதும், அதை ஓட்டி வந்தவர் மாண்டதும் நாடறிந்த செய்தி. அது ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குப் புறப்படும் வேளையில் நம் செல்பேசிக்கு ஒரு குரல் பதிவு வந்தது. அனுப்பியவர் நம் சபையின் மூப்பர்களில் ஒருவர், மிக நல்ல மனிதர். பதிவில் பேசிய குரல் யாருடையதென்று நமக்குத் தெரியாது. இன்னும் சில வண்டிகள் ஊருக்குள் நிற்கின்றன என்றும், வெளியே வராதீர்கள் என்றும் அக்குரல் எச்சரித்தது. ஒரு தெருவின் பெயரைச் சொல்லி, அங்குள்ளவர்கள் அனைவருக்கும் இதில் பங்குண்டு என்றது. நம் மாலை வகுப்புப் பிள்ளைகள் அறுவர் குடியிருக்கும் தெரு அது. அதை நாம் அறிந்திருந்தோம். அறிந்திருந்தும், “ஜெபத்திற்காக” என்ற ஒரு சொல்லை மேலே சேர்த்து, சபையின் குழுவுக்கு அதை அனுப்பிவிட்டோம். அனுப்ப எடுத்துக்கொண்ட நேரம், காலணியை மாட்டிக்கொள்ள எடுத்துக்கொண்ட நேரத்தினும் குறைவு.

அன்று மாலைக்குள் வேறு வண்டிகள் ஏதும் இல்லை என்பது தெரிந்துவிட்டது. விசாரணை தேசியப் புலனாய்வு முகமைக்குச் சென்றது; அது சட்டத்தின் பாதை. நம் காரியம் வேறு. மூன்றாம் நாள், அந்தத் தெருவில் தையற்கடை வைத்திருப்பவர், தம் மகளை நம் வகுப்புக்கு நான்கு ஆண்டுகள் அனுப்பியவர், நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. “எங்க தெருவப் பத்தி நீங்க அனுப்பினதாச் சொல்றாங்க. உங்களுக்கு அத யார் சொன்னதுங்க ஐயா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் உண்மையாகவே விடையை அறிய விரும்பினார். நம்மிடம் விடை இல்லை.

விடை தேடிப் புறப்பட்டோம். மூப்பருக்கு அது திருப்பூரிலுள்ள அவருடைய மைத்துனரிடமிருந்து வந்தது. மைத்துனருக்கு, அவர் வேலை செய்யும் பனியன் கம்பெனியின் மேற்பார்வையாளர் குழுவிலிருந்து. அக்குழுவில் அதை இட்டவர் பல்லடத்துக்காரர். அவரோடு தொலைபேசியில் பேசினோம். ஏதோ ஊர்க் குழுவில் வந்தது என்றார். தம் பேசியில் செய்திகள் சில நாட்களில் தாமே அழிந்துபோகுமாறு அமைத்திருப்பதாகவும், இனிப் பார்க்க இயலாது என்றும் வருந்தினார். நான்காவது படியில் தடம் முடிந்தது. கோவையில் நடந்ததைப் பற்றிய அச்செய்தி பல்லடம் போய்த் திருப்பூர் வழியாகக் கோவைக்குத் திரும்பியிருந்தது. இம்மூவரும் (நம்மையும் சேர்த்தால் நால்வர்) ஒரே விளக்கத்தையே சொன்னோம்: நல்லெண்ணத்தில்தான் அனுப்பினோம். பொய்ச்சாட்சி குறித்த கட்டளையை எத்தனையோ முறை வகுப்பில் விளக்கியிருக்கிறோம். அக்கட்டளை நீதிமன்றத்தில் ஏறி நிற்பவனைக் குறித்தது என்றே நம் மனம் எண்ணி வந்திருக்கிறது போலும். சாட்சிக் கூண்டு சட்டைப்பைக்குள் வந்துவிட்டதை நாம் உணரவில்லை.

மறுப்பையும் அதே குழுவில் இட்டோம். முதற் செய்தியை மேலும் பலருக்கு அனுப்பியதாகச் சபையில் பலர் ஒப்புக்கொண்டனர். மறுப்பை அனுப்பியவர் மூவரே. “அதுல என்னங்கய்யா இருக்குது, ஒண்ணும் நடக்கலைன்னு தானே?” என்றார் ஒருவர்.

இது நம் சபைக்கு மட்டும் உரிய குறையன்று என்பதைச் சில மாதங்களில் கொங்குநாடு முழுவதும் கண்டது. 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்று காணொளிகள் வடநாட்டில் பரவின. அவற்றுள் இரண்டைக் குறித்துத் தமிழகக் காவல்துறைத் தலைமை இயக்குநர் விளக்கம் தந்தார். ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர் இரு பிரிவினரிடையே நடந்த மோதல்; மற்றது கோவையில் உள்ளூரார் இருவரிடையே நிகழ்ந்தது; இரண்டும் முன்னரே நடந்தவை. நிகழ்ச்சிகள் பொய்யல்ல, அவற்றின்மேல் ஒட்டப்பட்ட தலைப்புதான் பொய். ஆயினும் அச்சம் உண்மையாயிற்று. ஹோலிப் பண்டிகைக்கு ஊர் செல்பவர் யார், உயிருக்கு அஞ்சி ஓடுபவர் யார் என்று பிரித்தறிய முடியாதபடி ரயில் நிலையங்களில் கூட்டம் நின்றது. பீகார் அரசின் குழு ஒன்று இங்கு வந்து பார்த்துத் திரும்ப வேண்டியதாயிற்று. பனியன் கம்பெனி உரிமையாளர்கள் தம் தொழிலாளர்களைக் கூட்டி வைத்துப் பேசினர். நேரே முகம் பார்த்துச் சொன்ன சொல்லே இறுதியில் பலரையும் தங்க வைத்தது என்று திருப்பூர் நண்பர்கள் சொல்லக் கேட்டோம்.

இனிக் கல்வியின் பக்கம் வருவோம். நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கன் பாடம் கேட்கும் முறை கூறப்பட்டுள்ளது. இலக்கணம் படித்த ஒவ்வொருவரும் அறிந்த பகுதிதான். ஆனால் இன்று அதை மீண்டும் எடுத்துப் பார்க்கும்போது அது நேற்று எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு செம்மையாக ஏற்றுக்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது கல்வியில் காற்பங்கே என்கிறார் பவணந்தியார். உடன் கற்பாரோடு பழகிப் பயில்வதால் மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்குச் செம்மையாக எடுத்துரைப்பதால் வருகிறது. பவணந்தியாரைப் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்தவர் என்று நம் கொங்குநாட்டார் உரிமை கொண்டாடுவர். அந்த உரிமையைக் கொண்டாடும் நாம் அவர் போட்ட கணக்கை மறந்துவிட்டோம்.

சமூக ஊடகம் இக்கணக்கை எவ்வாறு குலைக்கிறது என்று கவனியுங்கள். பிறருக்கு எடுத்துரைத்தல் என்னும் அரைப்பங்கை அது முதலிலேயே கையில் கொடுத்துவிடுகிறது. கேட்கவும் வேண்டா, உடன் பயிலவும் வேண்டா. கேட்ட கணத்திலேயே சொல்லிவிடலாம். உண்மையில் அதைச் சொல்லுதல் என்றும் கூற இயலாது. சொல்பவன் தன் சொற்களால் கோத்துச் சொல்லும்போதுதான் தனக்கு எது விளங்கவில்லை என்பதை அறிகிறான். பவணந்தியார் அரைப்பங்கை அதற்கு ஒதுக்கியதும் அதனாலேயே எனக் கருதுகிறோம். பகிர்பவனுக்கோ ஒரு சொல்லும் தேவையில்லை. விரல் அசைந்தால் போதும். கற்றதன் களைப்பு ஏதுமின்றிக் கற்பித்த மகிழ்ச்சி மட்டும் கிடைத்துவிடுகிறது. செய்திகள் மிகுந்துவிட்டன, பொழுது வீணாகிறது என்றெல்லாம் பெற்றோர் முறையிடுகின்றனர், அவையும் உண்மையே. ஆனால் நம் வகுப்பறை அனுபவத்தில் இதுவே எல்லாவற்றினும் ஆழமான கேடு.

ஓர் எடுத்துக்காட்டு. அருளுரை ஆற்றும் பயிற்சியில் இறுதியாண்டு மாணவர் ஒருவர் ஒரு கதை சொன்னார். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் கடவுள் இருந்தால் தீமை ஏன் என்று கேட்டு மாணவர்களை மடக்குகிறார். ஒரு மாணவன் எழுந்து, குளிர் என்று ஒன்றில்லை, வெப்பமின்மையே குளிர். இருள் என்று ஒன்றில்லை, ஒளியின்மையே இருள். அவ்வாறே தீமை என்பது கடவுளின்மை என்று வாதிட்டு அவரை வாயடைக்கிறான். அம்மாணவனே ஐன்ஸ்டைன்! இக்கதையை வாசகரும் கேட்டிருப்பர். பல மேடைகளில் ஆமென் ஒலியோடு சொல்லப்படுவது. ஐன்ஸ்டைனின் வாழ்வில் இப்படியொரு நிகழ்ச்சி நடந்ததற்குச் சான்றே கிடையாது. 1954 ஜனவரியில் எரிக் குட்கிண்ட் என்பவருக்கு அவர் எழுதிய மடல் புகழ்பெற்றது. அதில் கடவுள் என்னும் சொல்லை மனித பலவீனத்தின் விளைவாகவே அவர் கருதுகிறார். அம்மடலை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அதை எழுதியவரின் வாயில் நம் வாதத்தைத் திணிக்க நமக்கு உரிமையும் இல்லை.

இதனினும் நம்மை வருத்தியது வேறொன்று. தீமை தனிப்பொருளன்று, நன்மையின் குறைவே என்னும் அக்கருத்து அகஸ்டீனுடையது. மனிக்கேயரோடு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அலைந்து, அவர்களுடைய இருபொருட் கொள்கையோடு போராடி, அதிலிருந்து மீண்டு அவர் கண்டடைந்த முடிவு அது. அந்த மாணவர் அகஸ்டீனைப் பாடமாகப் படித்தவர். தேர்வில் அது குறித்து விடையும் எழுதியவர். செல்பேசியில் அதே கருத்து ஐன்ஸ்டைன் முகமூடி அணிந்து வந்தபோது, அவருக்குத் தம் பழைய ஆசிரியரை அடையாளம் தெரியவில்லை. “இதை எங்கே படித்தீர்கள்?” என்று கேட்டோம். “எங்க சபை குரூப்ல வந்துச்சுங்க ஐயா” என்றார். போராட்டத்தை விட்டுவிட்டு முடிவை மட்டும் பெற்றவனுக்கு அந்த முடிவும் சொந்தமாவதில்லை. நாளை ஒரு தாய் தன் குழந்தையைப் புதைத்துவிட்டு வந்து, “ஏன் ஐயா?” என்று கேட்கும்போது இந்த ஐன்ஸ்டைன் கதையை எடுத்து நீட்டுவாரோ என்று எண்ணி அஞ்சினோம்.

சமயக் கதைகளுக்குத்தான் இக்கதி என்று எண்ண வேண்டா. நம் நாட்டுப்பண்ணை உலகிலேயே சிறந்ததென யுனெஸ்கோ அறிவித்துவிட்டது என்னும் பொய்ச்செய்தி பல ஆண்டுகளாக ஆகஸ்டு தோறும் உயிர்த்தெழுகிறது. நம் மாலை வகுப்பில் ஒரு சிறுமி அதைப் பொது அறிவுக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தாள். எழுதித் தந்தது அவள் அப்பா.

பயன் ஒன்றும் இல்லையோ எனில், உண்டு. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது உணவும் படகும் எங்கே தேவை என்பதை முகம் தெரியாத இளைஞர்கள் இவ்வழியாகவே ஒருவருக்கொருவர் அறிவித்து உதவினர். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக வ.உ.சி. மைதானத்தில் கூடிய கோவை இளைஞரும் இவ்வழியாகவே கூடினர். அவர்கள் கோரிக்கையைக் குறித்து எவ்வகைக் கருத்துக் கொண்டாலும், அவர்கள் அமைதி காத்ததை மறுக்க இயலாது. இரத்தம் வேண்டும் என்று வரும் செய்தியைப் பாருங்கள். மருத்துவமனைப் பெயர் உண்டு, அழைக்கவேண்டிய எண் உண்டு. அழைத்துக் கேட்டால் மறுமுனையில் ஒரு மனிதர் பதில் சொல்கிறார். நாள் குறிக்க மறந்துவிடுகிறார்கள் என்பது ஒன்றே குறை. தேவை தீர்ந்து மாதங்களான பின்னும் அச்செய்தி அலைந்துகொண்டிருக்கும். நாம் பயன் கண்ட இடங்களில் எல்லாம், செய்திக்குப் பின்னே விசாரித்தறியத் தக்க ஒரு வாய் இருந்தது.

பெருந்தொற்றுக் காலத்தையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபின், கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸ்அப் குழுக்களுமே பல பிள்ளைகளுக்கு வகுப்பறை ஆயின. முதல் எட்டு வகுப்புகள் திறக்க 2021 நவம்பர் ஆயிற்று. வீட்டில் ஒரே பேசி. அதுவும் தந்தை வேலைக்குப் போகும்போது உடன் போய்விடும். படிப்பதற்கென்று அன்று பிள்ளைகள் கையில் கொடுத்ததைப் பின்னர் திரும்ப வாங்க எந்தப் பெற்றோராலும் இயலவில்லை. அந்த இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ எதை நாடியது என்பது கவனிக்கத்தக்கது. மாலையில் தெருவிலுள்ள தன்னார்வலர் ஒருவர் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைக்கும் திட்டம் அது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பரிலிருந்து பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்துவிட்டது. நம் பெற்றோர் சிலர் அதைப் பெருமூச்சோடு பேசுகின்றனர். பிள்ளைகளைத் தடுக்கலாம், உக்கடத்தில் குரல் பதிவை அனுப்பியவர்கள் எவரும் பதினாறு வயதுக்குட்பட்டவர் அல்லர்.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். குறிச்சிக் குளக்கரையில் தமிழ் எழுத்துகளையே கோத்து எழுப்பிய வள்ளுவர் உருவம் நிற்கிறது. மாலையில் அங்கே படம் எடுத்துக்கொள்ளாத குடும்பம் அரிது. அந்த வள்ளுவரே, எவர் வாயினின்று கேட்டாலும் பொருளின் மெய்ம்மையைக் காண்பதே அறிவு என்று கூறவில்லையா? அப்படியானால் யார் சொன்னது என்று கேட்பது தேவையற்றதன்றோ? மாணவர் ஒருவரே இதைக் கேட்டார்; நல்ல கேள்வி. அக்குறளின் பிற்பகுதி அறிவுடைமையிலும் மெய்யுணர்தலிலும் சொல் மாறாமல் இருமுறை வருகிறது. மெய்ப்பொருள் காண்பதை அவர் அத்துணை வற்புறுத்துகிறார். அறிவுடைமைக் குறளில் அவர் விலக்குவது, பெரியவர் சொன்னார் என்பதற்காக ஏற்பதையும் சிறியவர் சொன்னார் என்பதற்காகத் தள்ளுவதையும் ஆகும். அங்கும் ஒரு வாய் இருக்கிறது; மெய் காணும் உழைப்பும் இருக்கிறது. நாம் “யார் சொன்னது?” என்று கேட்பது, சொன்னவருடைய தகுதியை எடைபோட அன்று. அவரிடம் போய், “நீர் கண்டீரா, கேட்டீரா?” என்று வினவி அந்த உழைப்பைத் தொடங்குவதற்கே.

அச்சின் வரலாறு இதற்கு ஒரு வழியைக் கண்டது. நம் திருமண்டலங்கள் அச்சை எத்துணை ஆர்வத்தோடு தழுவின என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1715-இல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. அச்சிலும் அவதூறும் பொய்யும் வந்தன. 1867-ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூல் பதிவுச் சட்டம், அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் ஒவ்வொரு நூலிலும் தாளிலும் இருக்க வேண்டும் என்றது. அவ்வழக்கம் எவ்வளவு ஊறிப்போயிற்று எனில், உக்கடத்துச் சுவரில் ஒட்டிய காதணி விழாச் சுவரொட்டியின் அடியிலும் அச்சகத்தின் பெயரைக் காணலாம். அச்சட்டத்தை இயற்றிய ஆங்கில அரசின் நோக்கம் தூயதன்று. 1857-க்குப் பத்தாண்டு கழித்து அது அச்சகங்களைக் கண்காணிக்க விரும்பியது. பெயர் கேட்பவர் எவர், எதற்குக் கேட்கிறார் என்பதும் அன்றே தொடங்கிய சிக்கல்.

அதே சிக்கல் இன்றும் தொடர்கிறது. 2018-இல், சமூக ஊடகக் கணக்குகளை அடையாள எண்ணோடு இணைக்க வேண்டுமென்று சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டன. அவை 2019-இல் உச்சநீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன. 2021-இல் ஒன்றிய அரசு வகுத்த விதிகள், உரிய ஆணையின் பேரில் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறியத் தரவேண்டும் என்றன. தனியுரிமையை இது அழிக்கும் என்று வாட்ஸ்அப் நிறுவனம் தில்லி உயர்நீதிமன்றம் சென்றது. இதற்கிடையில், 2018-இல் நாட்டின் பல பகுதிகளில் குழந்தை கடத்துவோர் என்ற வதந்தியால் மக்கள் அடித்துக் கொல்லப்பட்டபின், ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதென அந்நிறுவனம் இந்தியாவில் வரம்பிட்டது. அவ்வாண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அருகே, குலதெய்வக் கோயில் தேடிப்போன ஒரு மூதாட்டி அவ்வாறு மாண்டதை மறக்க இயலாது. வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததே அவர் செய்த குற்றம்.

ஆயினும், பெயர் வேண்டும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிட்டுப் போக உக்கடம் விடவில்லை. 2017 மார்ச் 16 இரவு, ஃபாரூக் என்னும் 31 வயது இளைஞர் உக்கடத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார். திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்தவர், பழைய இரும்பு வணிகம் செய்தவர், கடவுள் மறுப்பாளர். முகநூலிலும் வாட்ஸ்அப் குழுவிலும் அவர் எழுதியவையே கொலைக்குக் காரணம் எனக் காவல்துறை கூறியது. இரவில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது, வெளியே சென்றார், திரும்பவில்லை. அவருடைய கருத்துகளை நாம் ஏற்பவர் அல்லோம். ஆனால் அவர் தம் பெயரிலேயே எழுதினார். யார் சொன்னது என்று கேட்டால், நான்தான் என்று சொல்லக்கூடியவராய் நின்றார். நாம் இக்கட்டுரை முழுவதும் எதை வேண்டும் என்று கேட்டு வருகிறோமோ அதை அவர் செய்தார்; அதனாலேயே அவரைத் தேடி வந்து அழைக்க முடிந்தது. பெயரின்றித் தெருவைப் பழித்த குரல் எங்கோ நலமாய் இருக்கிறது. அவருடைய தந்தையார், மகன் இருந்த இயக்கத்தில் தாமும் சேரப்போவதாகப் பின்னர்ச் செய்தியாளரிடம் கூறினார்.

இதை எண்ணும்போது, முதலில் அனுப்பியவரின் பெயரைக் காவல் நிலையத்துக்குத் தருவதால் மட்டும் நம் நோய் தீரும் என்று நமக்குத் தோன்றவில்லை. பெயரோடு பேசுபவனைப் பொறுத்துக்கொண்டு கேட்கும் அயலார் இல்லாத ஊரில், பெயரின்றிப் பேசுவதையே எவரும் தேர்ந்துகொள்வர். இவ்விடத்தில் நம் சபைகளின் நிலை என்ன? நம் குழுக்களில் போதகருக்கு மாறாக ஒருவர் தம் பெயரோடு ஒரு வரி எழுதினால் என்ன நடக்கிறது? அவரை நீக்கிவிடுகிறோம். பிறகு பெயரில்லாத் துண்டறிக்கை வருகிறது என்று வருந்துகிறோம். திருமண்டலத் தேர்தல் காலங்களில் இதைக் கண்டவர்கள் நாம் சொல்வதை மறுக்கமாட்டார்கள்.

நம் மாலை வகுப்பில் 2023 ஜூன் முதல் ஒரு பயிற்சி வைத்திருக்கிறோம். வெள்ளிதோறும் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுப் பேசிக்கு அவ்வாரம் வந்த ஒரு செய்தியைக் குறிப்பேட்டில் எழுதிக் கொண்டுவர வேண்டும். அதைக் கொடுத்தவரிடம் போய், உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்க வேண்டும். அவர் காட்டுபவரிடமும் கேட்க வேண்டும். எத்தனை படி ஏற முடிந்தது என்பதைக் குறிக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாம் படியில் நின்றுவிடுகிறது. ஒரு பையன் மட்டும், பெரியகுளத்தில் மீன்கள் செத்து மிதக்கின்றன என்ற செய்தியை மூன்று படி ஏறி, படத்தை எடுத்தவரையே கண்டுபிடித்துவிட்டான். அவர் மீன் சந்தையில் ஐஸ் உடைப்பவர். படம் இரண்டாண்டுப் பழையது, எடுத்தது வேறு குளத்தில் என்று சொல்லிப் பையனுக்குத் தேநீரும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இதனால் பெற்றோர் சிலருக்கு நம்மேல் வருத்தம். பிள்ளைகள் பெரியவர்களைக் குறுக்குக் கேள்வி கேட்கிறார்களாம். மூப்பரும் ஒருநாள் தம் பேரன் தம்மை மடக்கியதைச் சொல்லிச் சிரித்தார். பிறகு சற்று நேரம் பேசாதிருந்தார்.

தையற்காரரிடம் நாம் தேடிக் கண்டதை முழுவதும் சொன்னோம்: மூப்பர், மைத்துனர், மேற்பார்வையாளர் குழு, பல்லடம், அதற்குமேல் இல்லை என்று. அனுப்பியது நாமே என்பதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். பொறுமையாகக் கேட்டார். “நீங்க வந்து சொன்னது சரிங்க ஐயா” என்றார். அவருடைய மகள் இப்போது பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குச் செல்கிறாள். நம் வகுப்புக்கு அவள் திரும்ப வரவில்லை. அத்தெருவிலிருந்து வந்த மற்ற ஐவருள் இருவர் வந்தனர். புதன்கிழமைகளில் மேம்பாலத்தின் கீழே நடந்து அக்கடையைக் கடக்கும்போது, தையல் இயந்திரத்தை நிறுத்தாமலேயே அவர் தலையை நிமிர்த்தி வணக்கம் சொல்கிறார்; நாமும் சொல்கிறோம்.